வாள்வெட்டு எத்தனை நாள் வலிக்க வேண்டும்: ஆர்பிஜி மேஜைக்கு டேமேஜ் விதி அமைக்கும் முறை

ஆர்பிஜி என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம். அதில் நான் கேம் மாஸ்டராக (கதையை நடத்துபவராக) நடத்திய முதல் நீண்ட கேம்பெய்ன், அதாவது பல செஷன் தொடரும் கதை, பதினோராவது செஷனோடு நின்றுபோனது. நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பு. நான்காவது செஷனில் ஒரு ஃபைட்டர் (போர்வீரன் கேரக்டர்) உடம்பில் மூன்று அம்புகள் தைத்தன. அவன் அன்றிரவு தூங்கி, மறுநாள் காலை ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தான். "இது நம்பும்படியாக இல்லையே" என்றார் ஒரு பிளேயர். சரி, ரியலிசம் கொண்டுவருவோம் என்று நான் இறங்கினேன். அடி எந்த உறுப்பில் விழுந்தது, கிரிட்டிக்கல் (பகடையின் உச்ச எண்) விழுந்தால் எந்த எலும்பு முறிந்தது, காயத்தில் சீழ் பிடித்ததா என்று வாரத்துக்கு ஓர் அட்டவணை சேர்த்தேன். ஒரு கை போனது, ஒரு கால் போனது. கடைசியில் ஆடும் ஆசையே போனது.

இரண்டாவது முறை, விதியைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டு, கணக்குப் போட்டு, ஒத்திகை பார்த்து ஆரம்பித்தேன். அந்தக் கேம்பெய்ன் நன்றாக ஓடி முடிந்தது. புதிதாக மேஜை அமைப்பவர்கள் நான் இழந்த மாதங்களை இழக்கக் கூடாது என்பதால் அந்த வரிசையை அப்படியே தருகிறேன். ஹிட் பாயிண்ட் (அடிபட்டால் குறையும் உயிர்ப் புள்ளி) என்றால் என்ன, பகடையை எப்போது உருட்டுவது என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். டி6 என்பது ஆறுமுகப் பகடை, டி20 என்பது இருபதுமுகப் பகடை. 2டி6 என்றால் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவது.

1. விதிப் புத்தகத்தைத் திறக்கும் முன் மூன்று கேள்விகள்

ஆகும் நேரம்: இருபது நிமிடம். தேவை: ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம்.

"ரியலாக வேண்டுமா, ஹீரோயிக்காக வேண்டுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் "கொஞ்சம் ரியலாக" என்பார்கள், ஒவ்வொருவர் மனதிலும் வேறு வேறு படம் ஓடும். இப்படிக் கேளுங்கள்:

ஒரு செஷனில் எத்தனை சண்டை வேண்டும்?
பலமாக அடிபட்ட கேரக்டர் கதைக்குள் எத்தனை நாள் முடங்க வேண்டும்?
இரண்டு மாதம் வளர்த்த கேரக்டர் ஒரே ஒரு பகடை வீச்சில் செத்தால், நீங்கள் புதிய கேரக்டரோடு அடுத்த வாரம் வருவீர்களா?

பதில்களை எழுதி வாங்குங்கள். வாயால் சொல்லச் சொன்னால் முதலில் பேசுபவர் பக்கம் மற்றவர்கள் சாய்ந்துவிடுவார்கள்.

ரியலிசம் என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று ஆசைகளில் ஒன்று இருக்கிறது. முதலாவது பயம்: கத்தியை உருவினால் வயிற்றில் புளி கரைய வேண்டும். இரண்டாவது நியாயம்: மலையுச்சியிலிருந்து விழுந்தவன் எழுந்து நடக்கக் கூடாது. மூன்றாவது தடம்: பட்ட விழுப்புண் உடம்பிலும் கதையிலும் நிற்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு. என் மேஜையில் அன்று கேட்கப்பட்டது மூன்றாவது. நான் கொடுத்ததோ முதலாவதற்கான மருந்து, அதுவும் அளவுக்கு மீறி.

2. உங்கள் விளையாட்டின் எண்களைக் கணக்குப் போடுங்கள்

ஆகும் நேரம்: அரை மணி. ஒரு கேரக்டர் எத்தனை அடி தாங்குவார் என்று பாருங்கள். சராசரி போதும்.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் கான்ஸ்டிட்யூஷன் (உடல்திறன்) 14 உள்ள ஃபைட்டருக்கு முதல் லெவலில் 12 ஹிட் பாயிண்ட். லெவலுக்கு நிலையான 6, கான்ஸ்டிட்யூஷனுக்கு 2 என்று சேர்த்துக்கொண்டு போனால் ஐந்தாம் லெவலில் 44, பத்தாம் லெவலில் 84. நீள்வாள் 1டி8, பலத்துக்கு 3 சேர்த்தால் சராசரி 7.5. ஆக அதே வாளின் அடியில் முதல் லெவலில் இரண்டாவது அடிக்கு விழுகிறார், ஐந்தாம் லெவலில் ஆறாவதுக்கு, பத்தாம் லெவலில் பன்னிரண்டாவதுக்கு.

கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டின் ஏழாம் பதிப்பில் உடல்திறனையும் உடல் அளவையும் கூட்டிப் பத்தால் வகுத்து வருவதுதான் ஹிட் பாயிண்ட். உடல்திறன் 55, அளவு 60 என்றால் 11. எத்தனை சாகசம் செய்தாலும் அது தானாக ஏறாது. .38 ரிவால்வரின் டேமேஜ் 1டி10. ஒரே அடியில் பாதி அல்லது அதற்கு மேல் போனால் அது பெருங்காயம். அதாவது ஒரு குண்டு பட்டாலே பெருங்காயத்துக்குப் பாதி வாய்ப்பு. இந்த ஓர் எண்ணே அந்த விளையாட்டில் ஆட்கள் ஏன் துப்பாக்கியைக் கண்டதும் ஓடுகிறார்கள் என்று சொல்லிவிடும்.

இங்கே ஒரு கண்ணி. 84 ஹிட் பாயிண்டை 84 அளவு சதை என்று நினைத்துதான் பலரும் (நானும்) தடுமாறுகிறோம். டி அண்ட் டி விதியே ஹிட் பாயிண்டை உடல்வலு, மனவலு, வாழும் வேட்கை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது என்றுதான் சொல்கிறது. அதனால் வர்ணனையை மாற்றிப் பாருங்கள். "வாள் தோளில் இறங்கியது, 8 டேமேஜ்" என்று சொல்லாமல், "கேடயத்தால் தடுத்துவிட்டாய், ஆனால் கை மரத்துப்போச்சு, கால் பின்வாங்குது, 8 போச்சு" என்று சொல்லுங்கள். ரத்தம் தெறிப்பதைக் கடைசி அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதியையும் மாற்றாமல், காசும் செலவில்லாமல், "நம்பும்படியாக இல்லை" என்ற புகாரில் பாதி இதிலேயே அடங்கிவிடும். வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

வர்ணனையால் மறைக்க முடியாதது விழுவது. ஐந்தாம் பதிப்பில் பத்தடி உயரத்துக்கு 1டி6 டேமேஜ், உச்சவரம்பு 20டி6. அதன் சராசரி 70. அந்தப் பத்தாம் லெவல் ஃபைட்டர் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் பெரும்பாலும் பிழைப்பார், பிளேயருக்கும் அந்தக் கணக்கு தெரியும். இதற்கு எண்ணை மாற்ற வேண்டாம். "இந்த உயரத்துக்கு மேல் விழுந்தால் சாவு, பகடை கிடையாது" என்று முதல் நாளே ஒரு வரி எழுதிவையுங்கள். தூங்குபவரின் கழுத்தில் கத்தி வைப்பதற்கும் எரிமலைக் குழம்புக்கும் அதே வரி பொருந்தும். நியாயம் கேட்பவர்களுக்கு இதுவே போதும்.

3. ஆறும் காலத்தை முதலில் தீர்மானியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. புதியவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். அடி எவ்வளவு பலம் என்பதைவிட, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் பிளேயரின் நடத்தையை மாற்றுகிறது. காலைக்குள் எல்லாம் ஆறிவிடும் என்றால் எந்தச் சண்டைக்கும் போகலாம். ஒரு வாரம் ஆகும் என்றால் "இது தேவையா?" என்று கேட்பார்கள்.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேர நீள்ஓய்வில் இழந்த ஹிட் பாயிண்ட் முழுதும் திரும்பும். அதன் 2014 கேம் மாஸ்டர் வழிகாட்டி நூலில் ஒரு மாற்று விதி இருக்கிறது: குறுஓய்வு எட்டு மணி நேரம், நீள்ஓய்வு ஏழு நாள். கர்ப்ஸ் என்ற விளையாட்டில் ஒரு நாள் ஓய்வெடுத்து உடல்நலப் பகடையில் ஜெயித்தால் ஒரு புள்ளி. கால் ஆஃப் கதுலுவில் சாதாரணக் காயத்துக்கு நாளுக்கு ஒரு புள்ளி. பெருங்காயம் என்றால் வாரத்துக்கு ஒரு முறைதான் பகடை. நிஜத்தில் முறிந்த எலும்பு சேரவே பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எந்த விளையாட்டும் அந்த நிஜத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. எட்டு வாரம் படுத்திருக்கும் கேரக்டருக்குக் கதையில் வேலை இல்லை.

ஏழு நாள் விதியை நான் எடுத்தேன். எடுக்கும் முன் இரண்டு சிக்கல்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கதையின் கெடு. "ஐந்து நாளில் கோட்டை விழுந்துவிடும்" என்று ஒரு சாகசம் வைத்திருந்தால் ஏழு நாள் ஓய்வு நடக்காது. எல்லோரும் அரைகுறை உடம்போடு கடைசிச் சண்டைக்குப் போவார்கள். கெடுவை மூன்று வாரமாக நீட்டுங்கள், அல்லது விதியை மூன்று நாளாகக் குறையுங்கள். இன்னொன்றும் உண்டு: மந்திரவாதியின் மந்திரங்களும் பெரும்பாலும் நீள்ஓய்வில்தான் திரும்புகின்றன. ஓய்வை நீட்டினால் அவரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறீர்கள். விஸார்ட் ஆட இருப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, குணமாக்கும் மந்திரம். கிளெரிக் (குணமாக்கும் பூசாரி கேரக்டர்) கை வைத்ததும் காயம் மறையும் என்றால் நீங்கள் எழுதிய எந்தக் காய விதியும் செல்லாது. எதை மந்திரம் ஆற்றும், எதை ஆற்றாது என்று எழுத வேண்டும். நான் எழுதியது: "மந்திரம் ஹிட் பாயிண்டைத் திருப்பும். எழுதப்பட்ட காயத்தை ஆற்றாது. ஆறும் நாளைப் பாதியாக்கும்." கிளெரிக்குக்கும் மதிப்பு இருந்தது, காயத்துக்கும் மதிப்பு இருந்தது.

இன்னொரு ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் பூஜ்யத்துக்கு விழுந்தவர் ஒரே ஒரு புள்ளி பெற்றாலும் எழுந்து முழு வேகத்தில் அடிக்கலாம். அதனால் ஒரே சண்டையில் விழுவதும் எழுவதுமாக இருப்பார்கள். பல மேஜைகளில் வழங்கும் தீர்வு: ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு படி களைப்பு. ஆறாவது படி சாவு. பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் இது விதிக்குள்ளேயே இருக்கிறது: ஒரு முறை விழுந்து எழுந்தவருக்குக் காயக் குறி ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை விழுந்தால் சாவுக்கு ஒரு படி நெருக்கமாக விழுவார்.

4. நான்கு வகைகளில் ஒன்றை எடுங்கள்

வளரும் ஹிட் பாயிண்ட். டி அண்ட் டி, பாத்ஃபைண்டர். செஷனுக்கு இரண்டு மூன்று சண்டை கேட்டவர்களுக்கு இதுதான். மேலே சொன்ன வர்ணனையும் ஓய்வு விதியும் சேர்த்தால் தாராளம்.

வளராத உடம்பு. கர்ப்ஸ், கால் ஆஃப் கதுலு. கர்ப்ஸில் சராசரி மனிதனுக்கு 10 ஹிட் பாயிண்ட். அடிபட்டால் அடுத்த முறை வரும்போது இழந்த புள்ளிக்கு ஏற்ப 4 வரை தண்டம் (பகடைக் கணக்கில் கழிப்பு). பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழேயோ போனால் நினைவு தப்பாமல் இருக்க முறைக்கு ஒரு பகடை. சண்டை குறைவு, பயம் அதிகம் என்று கேட்டவர்களுக்கு.

இரண்டு அடுக்கு. எனக்குப் பிடித்தது, புதியவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவதும் இதுதான். கெர்ன் என்ற சிறிய விளையாட்டில் மேலடுக்கு ஹிட் புரொடெக்ஷன், அதாவது அடியிலிருந்து தப்பிக்கும் திறமை. தொடக்கத்தில் 1டி6 மட்டும். ஒரு வாய் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினால் திரும்பிவிடும். அது தீர்ந்தபின் வரும் அடி நேராகப் பலத்தில் இறங்கும். அங்கே பகடையில் தோற்றால் தவழத்தான் முடியும், உதவி வராவிட்டால் ஒரு மணி நேரத்தில் சாவு. பலம் திரும்ப வைத்தியரோடு ஒரு வாரம். ஹீரோயிசமும் ரியலிசமும் சண்டை போடாமல் ஆளுக்கொரு அடுக்கில் குடியிருக்கின்றன. "எது சதை, எது அதிர்ஷ்டம்?" என்ற கேள்வியே எழாது.

காயமே எண். சாவேஜ் வேர்ல்ட்ஸில் முக்கியக் கேரக்டர் மூன்று காயம் தாங்குவார், காயத்துக்கு 1 தண்டம், நான்காவதில் வீழ்வார். ஃபேட்டில் லேசான, நடுத்தர, கடுமையான விளைவுகள் 2, 4, 6 என்று அடியை உள்வாங்கும். எதை ஏற்பது என்று பிளேயரே தேர்ந்து, "இடுப்பு எலும்பில் விரிசல்" என்று தன் கையால் எழுதுவார். பகடை உருட்டும் முன்னால் "நான் தோற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லி உயிரோடு விலகவும் வழி உண்டு. தடம் கேட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. தன் காயத்துக்குத் தானே பெயர் வைத்த பிளேயர் அதை மறப்பதே இல்லை.

5. ஆவணங்களும் செலவும்

பெரிய புத்தகத்தை முதலில் வாங்காதீர்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1, 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். கர்ப்ஸ் லைட் 32 பக்கம், இலவசம். கெர்ன், ஃபேட் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாத்ஃபைண்டர் விதிகளை இணையத்தில் முறையாகவே படிக்கலாம். கால் ஆஃப் கதுலுவுக்கு இலவசத் தொடக்கக் கையேடு உண்டு. ஆக மூன்று நான்கு விளையாட்டைச் சோதிக்கப் பணமே தேவையில்லை. உண்மையான செலவு நேரம்.

உங்கள் கையில் இருக்க வேண்டியவை:

ஹவுஸ் ரூல் தாள், அதாவது உங்கள் மேஜைக்கென்று நீங்கள் வைத்த விதிகள். ஒரே பக்கம். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் விதிகள் அதிகம், ஒன்றை அடியுங்கள். தேதி போட்டு ஆளுக்கு ஒரு பிரதி.

காயப் பதிவேடு. கேரக்டர் பெயர், என்ன காயம், கதைக்குள் எந்த நாளில் பட்டது, எந்த நாளில் ஆறும். கேம் மாஸ்டர் வைத்திருக்க வேண்டாம், பிளேயர்களில் ஒருவரிடம் கொடுங்கள். கதைக்குள் இன்று எத்தனையாவது நாள் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் மூன்றாவது படி முழுதும் வீண்.

மாற்றுக் கேரக்டர் ஷீட். சாவுக்கு வாய்ப்புள்ள விதி என்றால் ஆளுக்கு இரண்டாவது கேரக்டர் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது: சாவு எவ்வளவு சுலபமோ, கேரக்டர் உருவாக்கமும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். கெர்னில் எங்களுக்குப் பத்து நிமிடத்தில் ஒரு கேரக்டர் தயார். டி அண்ட் டியில் புதியவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், கர்ப்ஸில் ஒரு மாலையே போனது. ஒரு மாலை முழுக்க உருவாக்கிய கேரக்டரைப் பத்து நிமிடத்தில் கொல்லும் விதி எந்த மேஜையிலும் நிற்காது.

6. கடிகாரத்தோடு ஒத்திகைச் சண்டை

ஆகும் நேரம்: ஒரு மாலை. கதை வேண்டாம். நான்கு கேரக்டர், நான்கு எதிரி, ஒரு கடிகாரம். ஒரே சண்டையை மூன்று முறை ஆடுங்கள்.

எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். எட்டுப் பேர், நான்கு சுற்று என்றால் 32 தாக்குதல். பாதி பட்டால் 16 அடி. உறுப்பு பார்க்கும் பகடைக்கும் அதற்கான கவசக் கணக்குக்கும் அடிக்கு அரை நிமிடம் என்றால் எட்டு நிமிடம் கூடுகிறது. செஷனுக்கு மூன்று சண்டை என்றால் 24 நிமிடம். அந்த நேரத்தில் என்ன கிடைத்தது என்று மேஜையைக் கேளுங்கள். "இடது முழங்கை" என்று வந்ததும் யாருடைய முடிவாவது மாறியதா? மாறினால் விதியை வையுங்கள். எல்லோரும் எண்ணை மட்டும் கழித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள் என்றால் தூக்கிவிடுங்கள்.

7. நான் விழுந்த குழிகள்

கிரிட்டிக்கல் காய அட்டவணை. எதிரிக்கும் நமக்கும் ஒரே விதிதானே, சமம்தானே என்று தோன்றும். சமமே கிடையாது. ஒரு சண்டையில் எதிரிகள் 12 முறை தாக்கினால், டி20-இல் 20 விழும் வாய்ப்பு 5 சதவீதம் என்ற கணக்கில் சண்டைக்கு 0.6 கிரிட்டிக்கல். இருபது சண்டையில் 12. நான்கு கேரக்டருக்கு ஆளுக்கு மூன்று. 2014 வழிகாட்டி நூலின் நீடித்த காய அட்டவணையில் டி20-இல் முதல் மூன்று எண்களுக்கும் கண்ணோ கையோ காலோ போகும். பன்னிரண்டு வீச்சில் கிட்டத்தட்ட இரண்டு பேர் உறுப்பு இழப்பார்கள். எதிரியோ ஒரு சண்டைக்கு மட்டும் வருபவன். அவன் கை போனால் அவனுக்கு நாளை என்பதே இல்லை. எல்லாச் சண்டையிலும் நிற்பவர்கள் கேரக்டர்கள்தான். இந்தக் கணக்கை நான் அன்று போட்டிருந்தால் அந்தக் கேம்பெய்ன் பிழைத்திருக்கும். அட்டவணை வேண்டுமென்றால் கிரிட்டிக்கலுக்கு வைக்காதீர்கள், பூஜ்யத்துக்கு விழும்போது மட்டும் வையுங்கள்.

சரிவுச் சுழல். அடிபட்டால் தண்டம், தண்டத்தால் குறி தவறும், தவறுவதால் மேலும் அடி. நிஜம்தான். ஆனால் முதல் அடியிலேயே முடிவு தெரிந்துவிட்ட சண்டையை இன்னும் நாற்பது நிமிடம் ஆட வேண்டியிருக்கும். தண்ட விதி வைத்தால் கூடவே ஓடும் விதி, சரணடையும் விதி இரண்டும் வேண்டும். எதிரிக்கும் அதே வழி திறந்திருக்கட்டும்: பாதிப் பேர் விழுந்ததும் மிச்சம் பேர் ஓடட்டும். உயிருக்கு அஞ்சாத கூலிப்படை எந்தக் காய விதியைவிடவும் நம்பமுடியாதது.

எதிரியின் ஹிட் பாயிண்டைக் கூட்டுவது. சண்டை சவாலாக இருக்கும் என்று செய்வோம். நீளம் மட்டும்தான் கூடும். கூட்ட வேண்டுமென்றால் எதிரியின் டேமேஜைக் கூட்டி ஹிட் பாயிண்டைக் குறையுங்கள்.

8. ஆரம்பித்த பிறகு

மூன்றாவது செஷன் முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, முதல் படியில் வாங்கிய துண்டுக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். கேட்டது கிடைக்கிறதா? மாற்றம் தேவை என்றால் ஒரு நேரத்தில் ஒரே விதி, செஷனுக்கும் செஷனுக்கும் இடையில் மட்டும். ஒரு கேரக்டர் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விதியை மாற்றவே கூடாது, காப்பாற்றுவதற்கும் சரி, கொல்வதற்கும் சரி. அன்று காப்பாற்றினால் அடுத்த சாவு வரும்போது "அவனுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

முதல் சாவு எப்போது வரும் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு துணைக் கேரக்டரின் ஷீட்டை நிரப்பிக் கையோடு வைத்திருங்கள்: வழிகாட்டி, காவலாளி, கைதி, யாராவது. பிளேயரின் கேரக்டர் இரவு எட்டு மணிக்குச் செத்தால் எட்டரைக்குள் அந்த ஷீட் அவர் கைக்குப் போய்விட வேண்டும். மற்றவர்கள் பத்தரை வரை ஆடுவதை அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மாற்றுக் கேரக்டரை அடுத்த வாரம் கதைக்குள் கொண்டுவரலாம்.